மெதுவாகப் போகத் தெரிந்த வண்டி

சென்ற மாதப் பதில் ஒன்றில் ஜிம்னி என்ற என் பழைய சிறு ஜீப் வண்டியைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். சேறு, பள்ளம், ஓடை எதிலும் இறங்கக்கூடிய ஒரு வண்டியைச் சிங்கப்பூரில் வைத்திருப்பது என் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று என்று. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை. சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

வணக்கம் அக்கா. சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. அதுவே 164 மீட்டரைத் தாண்டவில்லை. எங்கே திரும்பினாலும் தார்ச்சாலை. இங்கே காட்டு வண்டி வைத்திருப்பது வீண் செலவு என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?
வாசகர், பொங்கோல்

தம்பி, உங்கள் கணக்கில் தவறில்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. சிறிய கார்களுக்கு 106,000. வண்டியின் விலையைச் சேர்க்காமல், அதைப் பத்தாண்டு சாலையில் வைத்திருக்கும் உரிமைக்கு மட்டும் அவ்வளவு. அந்த விலையில் வாங்குங்கள் என்று நான் யாரையும் தூண்டமாட்டேன். ஆனால் 'வீண்' என்ற சொல்லை மட்டும் ஏற்க மனம் வரவில்லை.

என் வண்டி 2011இல் பதிவான சுசுகி ஜிம்னி. 1.3 லிட்டர் இயந்திரம், கையால் மாற்றும் ஐந்து கியர். ஒருவர் மூன்றாண்டு ஓட்டியதை 2014இல் வாங்கினேன். 2021இல் அதன் பத்தாண்டு முடிந்தது. அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். 2020 மார்ச்சில் மூடிய மலேசியாவின் ஜோகூர் எல்லை திறக்கவே இல்லை. நான் வண்டியை மண்ணில் இறக்குவதெல்லாம் அந்தப் பக்கம்தான். வீட்டில் எல்லாரும் ஒரே குரலில், கொடுத்துவிடுங்கள் என்றார்கள். என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல், "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். நாற்பதாயிரம் வெள்ளியைத் தாண்டிய ஒரு தொகையைக் கட்டி இன்னும் பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரல் 1ஆம் தேதி தனியார் வண்டிகளுக்குக் கடற்பாலம் திறக்கும்வரை அதன் சக்கரங்களில் ஒரு சொட்டுச் சேறு படவில்லை. இந்த வண்டி எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பது அந்த மாதங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது.

காக்கி புக்கிட்டில் தெரிந்தவர் ஒருவரின் பட்டறை இருக்கிறது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஒரு மூலையைக் கொடுப்பார். மகளும் நானும் வண்டியைத் தூக்கி நிறுத்தி அதன் அடியில் நிற்போம். ஜிம்னியின் அடிப்பகுதி எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு ஏற்ற பாடப் புத்தகம். ஏணியைப் படுக்க வைத்ததுபோல ஓர் எஃகுச் சட்டம். அதன்மேல் தனியாக ஏற்றி முடுக்கிய உடல். முன்னால் ஒரு திட அச்சு, பின்னால் ஒரு திட அச்சு, நான்கு மூலையிலும் சுருள்வில். நடுவில் இருக்கும் பெட்டியிலிருந்து முன்னுக்கு ஒரு தண்டும் பின்னுக்கு ஒரு தண்டும் ஓடுகின்றன. ஒன்றைச் சுற்றினால் இன்னொன்று சுற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். இருபத்து நான்கு ஆண்டுகள் பஸ் பட்டறையில் வேலை செய்தவள் நான். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகு அதன்மேல் வரும் பிரியம் தனி வகையானது. தண்டின் மூட்டுகளுக்குக் கிரீஸ் போடுவதை என் மகள் அங்கேதான் கற்றாள். அவள் செவிலியர், இரவு வேலை முடித்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வருவாள்.

இன்னொரு காரணம் என் அப்பா. அவர் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் துரையின் லேண்ட்ரோவரை ஓட்டியவர். பகலில் துரைக்கு, இரவில் லயத்து மக்களுக்கு. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் லாரி நகராது. பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் தம்பிகள் இருவரையும் வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா மருத்துவமனைக்குப் போனது அந்த வண்டியில்தான். முன்னிருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. வலியில் அம்மா பின்னால் முனகுகிறார். அப்பா நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேகமாகப் போங்கள் என்று கத்தினேன். "வண்டிக்குப் பாதையைப் படிக்க நேரம் கொடுக்க வேண்டும், பொறு" என்றார். ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

விற்பனை விளம்பரங்கள் இந்த வகை வண்டியைப் பாய்கிற மிருகம்போலக் காட்டுகின்றன. அதைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் விற்றுவிடுவதையும் பார்க்கிறேன். இது மெதுவாகப் போவதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம். தாழ் வீச்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை) முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டுவிட்டால், மிதியில் கால் வைக்காமலே, பக்கத்தில் நடந்து வருகிற ஆளின் வேகத்தில் அது தானாக ஏறும். எல்லாரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருக்கும் ஊரில், மெதுவாகப் போவதைத் தன் பலமாகக் கொண்ட ஒன்று என் வீட்டுக் கீழே நிற்கிறது. வேலைக்குப் போகும்போது பார்ப்பேன், திரும்பும்போது பார்ப்பேன். அந்த இரண்டு ஆண்டும் அது எனக்குப் போதுமானதாக இருந்தது, தம்பி.

என் கணவர் புது ஜிம்னி வாங்க ஆசைப்படுகிறார். எங்களுக்கு இரண்டு குழந்தைகள், ஏழு வயதும் மூன்று வயதும். ஒரே கார்தான் வைத்திருக்க முடியும். உண்மையைச் சொல்லுங்கள் அக்கா.
வாசகி, செங்காங்

உண்மை இதுதான் தங்கை: உங்கள் வீட்டின் ஒரே காராக மூன்று கதவு ஜிம்னி வேண்டாம்.

2018இல் வந்த புதிய வடிவத்தில் பின்னிருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது பொருள் வைக்கும் இடம் 85 லிட்டர். தேக்காவில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கினால் அதோடு நிறைந்துவிடும். மூன்று வயதுக் குழந்தையின் தள்ளுவண்டிக்கு இடமில்லை. இருக்கைகளை மடக்கினால் 377 லிட்டர் கிடைக்கும், ஆனால் குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது? பின்னிருக்கைக்குத் தனிக் கதவும் கிடையாது. குழந்தை இருக்கையில் வாரைப் பூட்ட, முன்னிருக்கையைச் சாய்த்து, உடம்பை வளைத்து உள்ளே நுழைய வேண்டும். மழையில் ஒருநாள் செய்து பாருங்கள், புரியும்.

திட அச்சு வண்டி சாலையின் ஒவ்வொரு இணைப்பையும் முதுகெலும்புக்குச் சொல்லும். விரைவுச்சாலையில் 90க்கு மேல் காற்றும் இயந்திரமும் போடுகிற சத்தத்தில் பின்னால் இருக்கும் குழந்தை என்ன கேட்கிறது என்று தெரியாது. நான் இடது தடத்தில் 80இல் போகிறேன். எனக்கு அது பிடிக்கும். இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கும் நீச்சலுக்கும் தாத்தா பாட்டி வீட்டுக்கும் சுமந்து திரிய வேண்டிய உங்களுக்கு அது பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐந்து கதவு ஜிம்னியும் உண்டு. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அங்கே செய்து மற்ற நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். நீளம் கூடியதால் பின்னால் கொஞ்சம் மூச்சு விடலாம். உங்கள் கணவரின் ஆசையை அடியோடு மறுக்க மனமில்லையென்றால், ஜோகூரில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்து, குடும்பமாக ஒருநாள் தோட்டப் பாதையில் போய் வாருங்கள். மாலையில் குழந்தைகளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் இந்த வண்டி வாங்கலாம். நான் வாங்கியபோது எனக்கு வயது நாற்பத்தாறு.

கனமழையில் தீவு விரைவுச்சாலையில் போகும்போது 4H (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுக்கொண்டால் பிடிப்பு கூடுமா?
வாசகர், சுவா சூ காங்

போடாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இதைச் செய்து பெட்டியைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. ஆகவே முன் தண்டும் பின் தண்டும் வேறுவேறு வேகத்தில் சுற்ற வேண்டும். ஜிம்னி போன்ற வண்டிகளில் 4H போட்டதும் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. வேறுபாட்டைச் சமன்செய்ய நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. சேற்றிலோ சரளையிலோ ஏதாவது ஒரு டயர் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு அந்த முறுக்கை விட்டுவிடும். தாரில் டயர் வழுக்காது. முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களில் ஏறும். ஸ்டியரிங் கனமாகும், யாரோ பிரேக்கை மிதிப்பதுபோல வண்டி இழுக்கும். தவறிப் போட்டுவிட்டு இப்படி ஆனால், பாதுகாப்பான இடத்தில் நேராகச் சில அடி பின்னால் வாருங்கள்; முறுக்கு அவிழும்.

மழைத் தாரில் உங்களைக் காப்பவை டயரின் பள்ளங்களும் முன்வண்டியோடு நீங்கள் விடும் இடைவெளியும்தான். சேற்றுக்கென்று வரும் பெரிய கட்டை டயர்கள் ஈரத் தாரில் சாதாரண டயரைவிட மோசமாகப் பிடிக்கும். வாரத்தில் ஆறு நாள் தாரில் ஓடுகிறவர்கள் அவற்றை வாங்க வேண்டாம்.

என்னிடம் 3ஏ ஓட்டுநர் உரிமம்தான் இருக்கிறது. கியர் மாற்றும் வண்டி ஓட்ட முடியாது. எனக்கு இந்த ஆசை கூடாதா?
வாசகி, தெம்பனிஸ்

தாராளமாக ஆசைப்படுங்கள். தானியங்கிக் கியர் ஜிம்னிகள் நிறைய உண்டு. மேட்டில் ஏறும்போது கிளட்சோடு போராட வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு அதுவே எளிது. இறக்கத்தில்தான் கவனம் வேண்டும்: தாழ் வீச்சு, அதற்குமேல் கியர் நெம்பை மிகத் தாழ்ந்த இடத்தில் வைத்து, இயந்திரமே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விடுங்கள். ஈரமான சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

என் மகனும் நானும் முதன்முறையாக மண் பாதையில் போக நினைக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய இடம் ஒன்று சொல்லுங்கள்.
வாசகர், புக்கிட் பாத்தோக்

ஐயா, நான் திரும்பத் திரும்பப் போகும் இடத்தையே சொல்கிறேன். ஜோகூரில் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயில். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமில் இறங்கி, குளுவாங்கைத் தாண்டி, மெர்சிங் சாலையில் காஹாங். அங்கிருந்து கம்போங் பெத்தாவுக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர். நான் போனபோதெல்லாம் அது செம்பனைத் தோட்டங்களுக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடும் மண் பாதையாகவே இருந்தது.

புறப்படும் முன் சில காரியங்கள். நில எல்லையைத் தாண்டும் சிங்கப்பூர்க் காரில் எரிபொருள் தொட்டியின் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். ஜிம்னியின் தொட்டி 40 லிட்டர், அதில் 30. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 2025 ஜூலை முதல் அது இல்லாத வண்டிகளுக்கு 300 ரிங்கிட் தண்டம். அங்கே மானிய விலை ரான் 95 பெட்ரோல் நமக்குக் கிடையாது, 97 போடுங்கள். காஹாங்கிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்கா அனுமதியை முன்பதிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள், ஆகவே ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்குத் திட்டமிடாதீர்கள். உங்கள் காப்பீடு தார் இல்லாத பாதைக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2017இல் மகளுக்குப் பதினாறு வயது. நாங்கள் இருவர் மட்டும் போனோம். முதல்நாள் இரவு மழை. பாதி வழிவரை பாதை வழவழப்பாக இருந்ததே தவிர மோசமில்லை. பிறகு ஓர் இடத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. இறங்கி நடந்து பார்த்தேன். வலப்பக்க விளிம்பில் ஏறிப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். பாதி தூரத்தில் விளிம்பு கரைந்து, வண்டி தடத்துக்குள் சறுக்கி, நடு மேட்டில் வயிறு தட்டி நின்றுவிட்டது. நான்கு சக்கரமும் சுற்றுகின்றன, வண்டி அசையவில்லை.

அப்படி நின்றால் செய்யக் கூடாத ஒன்று, மிதியை அழுத்துவது. ஒவ்வொரு சுற்றும் வண்டியை இன்னும் ஆழமாகப் புதைக்கும். இயந்திரத்தை நிறுத்தினேன். என்ன ஒரு அமைதி! எங்கோ ஓர் இருவாச்சி கத்தியது. மகளிடம் மண்வெட்டியைக் கொடுத்தேன். அவள் வயிற்றின் அடியில் இருந்த மண்ணை வெட்டினாள்; நான் நான்கு டயரிலும் காற்றழுத்தத்தை 26 பிஎஸ்ஐ-யிலிருந்து 18 ஆகக் குறைத்தேன். காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகி மண்ணில் நீளமாகப் படியும். சுமை பரவும், பிடிப்பு கூடும். இதற்குத் தேவைப்படுவது ஓர் அழுத்தமானியும், திரும்ப நிரப்ப ஒரு சிறு கம்பிரசரும்தான். பெரிய பெரிய உபகரணங்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். அங்கே கிடந்த காய்ந்த பனைமட்டைகளை முன்சக்கரங்களுக்கு அடியில் திணித்தோம். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். மகள் முன்னால் போய் நின்று, பின்னோக்கி நடந்தபடி, சக்கரம் போக வேண்டிய கோட்டைக் கையால் காட்டினாள். தாழ் வீச்சு, இரண்டாம் கியர். வண்டி ஒருமுறை தயங்கி, பிறகு ஒரு மாடு எழுந்திருப்பதுபோல முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அவள் முகம் முழுவதும் செம்மண். அதற்கு முன்பு ஏறக்குறைய ஓராண்டாக என்னிடம் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாமல் இருந்தவள். அன்று மீதி வழியெல்லாம் பேசினாள்.

கம்போங் பெத்தாவில் ஜாக்குன் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அங்கிருந்து படகில் கோலா ஜாசின். பிறகு காட்டு வழியில் நடந்தால் உப்பே கூலிங் அருவி. நீரோட்டம் பாறையில் குடைந்த குழிகள் குளிக்கும் தொட்டிகளைப் போல இருக்கும். வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம்; அந்தக் காடு அவர்கள் கையெழுத்து, அவர்களால்தான் படிக்க முடியும்.

முதல் பயணமென்றால், ஐயா, இரண்டு வண்டியாகப் போங்கள். நாங்கள் தனியே போனது தவறு, மீண்டும் அப்படிச் செய்யவில்லை. ஒரு வண்டி மற்றதை இழுக்க வேண்டி வந்தால், கயிற்றைச் சட்டத்தில் அதற்கென்று இருக்கும் கொக்கியில் மாட்டுங்கள். பின்னால் இழுவண்டி பூட்டும் உருண்டைக் குமிழில் ஒருபோதும் மாட்டாதீர்கள். விசையில் அது முறிந்தால் குண்டு போலப் பறந்து வரும், ஆள்கள் இறந்திருக்கிறார்கள். கயிறு இழுபடும்போது மகனை அதன் நீளத்துக்கு அப்பால் நிறுத்துங்கள்.

ஓடையைக் கடக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?
வாசகர், உட்லண்ட்ஸ்

முதலில் நடந்து கடங்கள். உங்களால் நடந்து கடக்க முடியாத நீரில் வண்டியை இறக்காதீர்கள். சின்ன வண்டிக்கு முழங்கால் ஆழமே அதிகம், நான் அதற்குக் கீழேயே நின்றுவிடுவேன். உள்ளே போனபின் கியர் மாற்றக் கூடாது. ஒரே சீரான மெதுவான வேகம். நடுவில் இயந்திரம் நின்றுபோனால் திருப்பிக் கிளப்ப முயலாதீர்கள். காற்று இழுக்கும் வழியில் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல நீர் அழுந்தாது. உள்ளே இருக்கும் தண்டு வளைந்து இயந்திரமே போய்விடும். இறங்கி இழுக்க வேண்டியதுதான். கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்து உலர்த்துங்கள்.

எனக்கு 78 வயது. நானும் தோட்டத்தில் வளர்ந்தவன். கேமரன் மலையில் இன்னும் பழைய லேண்ட்ரோவர்கள் காய்கறி சுமக்கின்றன. அவை எப்படி இத்தனை காலம் நிற்கின்றன, அம்மா?
வாசகர், தோ பாயோ

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கையெழுத்தே என் அப்பாவுடையதுபோல இருந்தது.

முதல் லேண்ட்ரோவரை 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டினார்கள். போர் முடிந்த காலம். பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு, விமானத் தொழிலில் மிஞ்சிய அலுமினியம் ஏராளம். அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பற்றாக்குறைக்காகச் செய்தது மழை நாடுகளுக்குப் பெரிய வரமாகிவிட்டது: தகடு துருப்பிடிக்காது. ஆனால் அடிச்சட்டம் எஃகு, அது துருப்பிடிக்கும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அலுமினியம் மாவாக உதிரும். கேமரன் மலையில் நிற்பவை எல்லாம் யாரோ ஒருவர் சட்டத்தைச் சுரண்டி, ஒட்டு வைத்து, பழைய வண்டியின் பாகத்தை இன்னொரு பழைய வண்டிக்கு மாற்றிப் பொருத்தியதால் நிற்பவை. நேரான தகடுகள், தெரிகிற திருகாணிகள். மலைமேல் ஒரு சிறு பட்டறையில் எல்லாம் முடியும்.

அப்பா ஓட்டிய வண்டி பிறகு என்ன ஆனது என்று தெரியாது. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அதுவும் போய்விட்டது. அதன் கியர் நெம்பின் குமிழ் மட்டும் என்னிடம் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற அன்று புதுக் குமிழ் ஒன்றைப் போட்டுவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஜீப் கூட்டங்கள் ஓடைகளைக் கலக்கி, காட்டைச் சேறாக்கிவிட்டுப் போவதைப் பகாங்கில் நேரில் பார்த்தேன். இதைக் கொண்டாட உங்களால் எப்படி முடிகிறது?
வாசகி, ஜூரோங் வெஸ்ட்

உங்கள் கோபம் நியாயமானது. நானும் பார்த்திருக்கிறேன். ஒரே ஓடையில் பன்னிரண்டு வண்டிகள் திரும்பத் திரும்ப இறங்கி ஏறிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அரை மணி நடைதூரத்தில் பூர்வகுடி மக்களின் ஊர். அவர்கள் குடிக்கும் நீர் அது. அன்று போய்ப் பேசினேன். சிலர் கேட்டார்கள், சிலர் திரும்பிக்கொண்டார்கள்.

வழுக்குகிறது என்பதற்காகப் பாதைக்குப் பக்கத்தில் புதுத் தடம் போடுகிறவர் ஒரே பருவத்தில் ஒரு பாதையை மூன்றாக்கிவிடுகிறார். மழை வந்ததும் மூன்றும் ஓடைகளாகி மண்ணை அரித்துக்கொண்டு போகின்றன. ஆகவே என்னோடு வருகிறவர்களிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுவேன்: ஏற்கெனவே இருக்கும் தடத்தில் மட்டும். ஓடையை ஒரே முறை, நேர்க்கோட்டில். மரத்தில் கயிறு கட்ட வேண்டியிருந்தால் அகலமான பட்டை சுற்றாமல் கட்டக் கூடாது, பட்டை உரிந்த மரம் செத்துப்போகும். அந்தி சாய்ந்தபின் ஓட்டுவதில்லை. எண்டாவ் ரொம்பின் பக்கம் யானைகளின் நேரம் அது. பெருமழை பெய்துகொண்டிருந்தால் திரும்பிவிடுவது. பாதை தாங்காது என்று தெரிந்து பாதி வழியில் நான் திரும்பியது இரண்டு முறை.

மலேசியாவில் 1997 முதல் பருவமழைக் காலத்தில் மழைக்காட்டுப் பந்தயம் ஒன்று நடக்கிறது. அந்த ஓட்டுநர்களின் திறமைமேல் எனக்கு மரியாதை உண்டு. என்றாலும் மழையில் காட்டுக்குள் போவதில் எனக்கு விருப்பமில்லை. நம் வண்டியால் எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் போயாக வேண்டும் என்று நினைப்பவரோடு நான் பயணம் செய்வதில்லை.

என் வண்டிக்கும் பத்தாண்டு நெருங்குகிறது. ஐந்தாண்டா, பத்தாண்டா?
வாசகர், பிடோக்

ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு முடிந்தது, மறுமுறை புதுப்பிக்க முடியாது. பத்தாண்டென்றால் பிறகும் தொடரலாம். இரண்டிலும் வண்டியைப் பதிவுநீக்கும்போது கிடைக்கும் கழிவுத் தொகையை இழக்கிறீர்கள். பத்தாண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் கூடுதல் கட்டணம் ஆண்டுதோறும் ஏறி, ஐம்பது விழுக்காடுவரை போகும். பரிசோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது: ஒரு சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போங்கள். சட்டத்தைப் பின்பக்கம்வரை தட்டிக்கொண்டே போங்கள். 'டிங்' என்று கேட்டால் நல்ல எஃகு. 'டப்' என்று மந்தமாகக் கேட்கும் இடத்தில் துரு உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கிறது. இயந்திரத்தையும் கியரையும் மாற்றலாம். சட்டம் போன வண்டிக்குப் பத்தாண்டுப் பணம் கட்டாதீர்கள், எவ்வளவு பிரியமாக இருந்தாலும்.

உயரம் கூட்டுவது, கூடுதல் விளக்கு, முன்கம்பி எல்லாம் பிறகு யோசிக்கலாம். மாற்றங்களில் அனுமதி தேவைப்படாதவை, தேவைப்படுபவை, அறவே கூடாதவை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது. கடைக்காரர் சொல்வதை நம்பிப் பொருத்தாமல் பட்டியலை நீங்களே பாருங்கள். மேலே சாமான் கூடு வைத்தால் உங்கள் புளோக்கின் பல மாடி கார் நிறுத்துமிடத்து உயரப் பலகையையும் அளந்துகொள்ளுங்கள்.

சேறும் சகதியுமாகத் திரும்பும் வண்டியை எங்கே கழுவுவீர்கள்?
மாணவர், ஈசூன்

குளுவாங்கில், தம்பி. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் நீர் பீய்ச்சும் கடை ஒன்று ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. மேலே பளபளப்பாக்க வேண்டாம், அடியை மட்டும் நன்றாகக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் நிற்பேன். சட்டத்தில் இருக்கும் துளைகளுக்குள் நீரை விட்டு, மறுபக்கம் தெளிந்து வரும்வரை விடச் சொல்ல வேண்டும். உள்ளே தங்கும் செம்மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். ரேடியேட்டரில் மட்டும் அருகிலிருந்து பீய்ச்ச விடாதீர்கள், மெல்லிய இதழ்கள் மடங்கிவிடும். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு காப்பி. அப்பாவின் தோட்டம் இருந்த திசையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் அச்சுகள் காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்த மறுநாள் கிரீஸ்.